டிரான்ஸ் டிஜேக்களுக்குச் சுருதியும் வேகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிரான்ஸ் என்ற மின்னணு நடன இசையை மிக்ஸ் செய்யக் கற்றுக்கொள்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளமானவை. அந்த இடங்களில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மிக்ஸர், ஹெட்போன், பிட்ச் ஃபேடர் ஆகியவை உங்களுக்குப் பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன். இசை இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சுருதி பார்த்து மிக்ஸ் செய்வது என்றால் என்ன? டிரான்ஸில் மட்டும் அதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

ஒரு டிராக் முடிவதற்குள் அடுத்ததை அதன் மேலேயே தொடங்கிவிடுகிறோம். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும் அந்த நேரத்தில் ஸ்வரங்கள் ஒன்றையொன்று முட்டக்கூடாது. அதற்காகச் சுருதி ஒத்துப்போகும் டிராக்குகளைத் தேர்ந்து அடுக்குவதுதான் இந்தக் கலை.

டெக்னோவில் பல டிராக்குகளுக்கு மெட்டு என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இருக்காது. தாளமும் ஓசையின் நிறமும்தான் அங்கே எல்லாம். சுருதி சற்று விலகினாலும் உறுத்தாது. டிரான்ஸ் அப்படிப்பட்டதல்ல. 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியில், குறிப்பாக ஃபிராங்க்ஃபர்ட்டில், உருப்பெற்ற காலத்திலிருந்தே அது மெட்டை நம்பி நிற்கும் இசை. டிராக்கின் நடுவே கிக் (ஒவ்வொரு பீட்டிலும் விழும் கனமான டிரம் அடி) நின்றுவிடுகிறது. ஒரு நிமிடம், சில நேரம் அதற்கும் மேலாக, கார்டுகளும் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) மெட்டும் மட்டும் தனித்து ஒலிக்கின்றன. இதைத்தான் பிரேக்டவுன் என்கிறோம். அரங்கில் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கும் இடம் அது. அங்கே சுருதி பிசகினால் மறைத்துக்கொள்ள எந்தத் தாளமும் இல்லை. மிக்ஸும் நீளமானது: இரண்டு டிராக்குகள் ஒரு நிமிடத்துக்கு மேல் சேர்ந்து ஓடுவது டிரான்ஸில் சாதாரணம்.

8ஏ, 9ஏ, 8பி என்று மென்பொருள் காட்டும் எண்களுக்கு என்ன பொருள்?

அது கேமலாட் சக்கரம். மேற்கத்திய இசையில் நூற்றாண்டுகளாகப் புழங்கும் ஐந்தாம் ஸ்வர வட்டத்தைக் கடிகார முகம்போல் 1 முதல் 12 வரை எண்ணிட்டு மார்க் டேவிஸ் என்பவர் டிஜேக்களுக்கு எளிமையாக்கித் தந்தது. எண்ணுக்குப் பின் வரும் ஏ என்றால் மைனர் (இருண்ட சாயலுள்ள ஸ்கேல்), பி என்றால் மேஜர் (பிரகாசமான ஸ்கேல்). 8ஏ என்பது ஏ ஸ்வரத்தை ஆதாரமாகக் கொண்ட ஏ மைனர்; இப்படி ஆதார ஸ்வரமும் ஸ்கேலும் சேர்ந்ததைத்தான் கீ என்கிறோம். 8பி என்பது சி மேஜர். பக்கத்து எண்ணுக்குப் போனால் ஏழு ஸ்வரங்களில் ஒன்றுதான் மாறும். 8ஏவிலிருந்து 9ஏவுக்குப் போனால் எஃப் மட்டும் எஃப் ஷார்ப் ஆகிறது. இரண்டு படி தள்ளினால் இரண்டு ஸ்வரங்கள், மூன்று படி என்றால் மூன்று. எண்கள் பக்கத்தில் இருந்தால் பொருந்தும் என்பதற்குக் காரணம் இவ்வளவுதான்.

டிராக்டர் என்ற டிஜே மென்பொருளில் இதே வட்டம் வேறு எண்களோடு வரும். அங்கே ஏ மைனர் 1எம், சி மேஜர் 1டி. அந்த எண்ணோடு ஏழைக் கூட்டி, பன்னிரண்டைத் தாண்டினால் பன்னிரண்டைக் கழித்துவிடுங்கள். கேமலாட் எண் கிடைத்துவிடும்.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கற்றிருக்கிறேன். அது உதவுமா?

மிகவும் உதவும். நானும் சிறு வயதில் வயலின் கற்றவன். இந்தச் சக்கரம் எனக்குப் புரிந்ததே அந்த வழியில்தான்.

இயல்பான மைனர் ஸ்கேலின் ஸ்வரங்கள் இருபதாவது மேளமான நடபைரவியின் ஸ்வரங்களே. மேஜர், இருபத்தொன்பதாவது மேளமான தீரசங்கராபரணம். ஏ என்பது ஆறு கட்டை. ஆகவே 8ஏ என்றால் ஆறு கட்டையில் நடபைரவி, 8பி என்றால் ஒரு கட்டையில் சங்கராபரணம். இரண்டுக்கும் ஏன் ஒரே எண்? சங்கராபரணத்தின் தைவதத்தை ஷட்ஜமாக வைத்துப் பாடினால் நடபைரவி வருகிறது. கிரகபேதம் என்று நீங்கள் படித்தது இதுதான். ஸ்வரங்கள் அதே ஏழு. நிலைகொள்ளும் இடம் மட்டும் மாறுகிறது. சக்கரத்தில் ஒரு படி கூடுவது, பஞ்சமத்தைப் புதிய ஷட்ஜமாக எடுத்துக்கொள்வது. ஒரு படி குறைந்தால் மத்திமம் ஷட்ஜமாகிறது.

ராகத்துக்குரிய கமகமோ பிரயோகமோ இங்கே கிடையாது. ஸ்வரஸ்தானங்களுக்கு மட்டும்தான் இந்த ஒப்புமை. ஆனால் ஷட்ஜம் எது என்று கேட்ட மாத்திரத்தில் முணுமுணுக்கத் தெரிந்த காது உங்களிடம் இருக்கிறதே, அது எந்த மென்பொருளிலும் கிடைக்காது.

எந்த நகர்வை எப்போது பயன்படுத்த வேண்டும்?

அதே எண், பக்கத்து எண், ஏயிலிருந்து பிக்கு மாறுவது: இந்த மூன்றும் எப்போதும் கைகொடுக்கும். மெட்டின் ஓரம் மெட்டோடு சற்று உரசினாலும் தாங்கும். 

இரண்டு படி ஏறுவது (8ஏவிலிருந்து 10ஏ) சுருதியை ஒரு முழுக் கட்டை, அதாவது இரண்டு அரைக்கட்டை, உயர்த்துவது. கீபோர்டில் கறுப்பையும் சேர்த்து அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலுள்ள தூரமே அரைக்கட்டை. அரங்கம் சற்று நிமிர்ந்து உட்காரும். ஏழு படி ஏறினால் (8ஏவிலிருந்து 3ஏ) அரைக்கட்டை உயர்கிறது. கேட்பவரைத் தூக்கிவிடும் ஆற்றல் இதற்கு உண்டு. ஆனால் ஐந்து ஸ்வரங்கள் மாறிவிடுவதால் இரண்டு டிராக்குகளின் மெட்டுகளோ பேஸ்களோ (அடியில் ஓடும் தாழ்ந்த ஸ்வரங்கள்) ஒரு கணம்கூடச் சந்திக்கக்கூடாது. தாளம் மட்டும் ஓடும் பகுதியில் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒருமுறை போதும். இரண்டாவது முறை செய்யும்போது தந்திரம் தெரிந்துவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: 8ஏவிலிருந்து 11பி. ஷட்ஜம் ஆறு கட்டையிலேயே நிற்க, மைனர் மேஜராகிறது. இருண்ட ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, விடியற்காலையில், இதைச் செய்து பாருங்கள்.

மென்பொருள் காட்டும் கீயை நம்பலாமா?

தொடக்கத்துக்கு நம்பலாம். முடிவுக்கு நம்பக்கூடாது. டிராக் முழுவதிலும் பன்னிரண்டு ஸ்வரங்களில் எது எவ்வளவு ஒலிக்கிறது என்று கூட்டிப் பார்த்து, எந்த ஸ்கேலின் சாயல் அதிகம் பொருந்துகிறது என்பதைத்தான் மென்பொருள் சொல்கிறது. ஆகவே அது செய்யும் பிழைகளும் எதிர்பார்க்கக்கூடியவை: மைனரை அதன் இணை மேஜராகச் சொல்லும், அல்லது ஒரு படி தள்ளிச் சொல்லும். இவற்றால் பெரிய சேதம் வராது, ஏனென்றால் அவையும் பக்கத்து வீடுகளே.

சேதம் வருவது இரண்டு இடங்களில். முதலாவது, நடுவில் கீ மாறும் டிராக்குகள். பிரேக்டவுனில் ஒரு கீ, உச்சத்தில் அதைவிட உயர்ந்த கீ என்று அமைத்திருப்பார்கள். மென்பொருள் ஒரே எண்ணைத்தான் காட்டும். எனக்கு இது நேர்ந்திருக்கிறது. 4ஏ என்று குறித்திருந்த ஒரு டிராக்கின் இறுதிப் பகுதி ஒரு முழுக் கட்டை மேலே போயிருந்தது. நான் அதன் மேல் இன்னொரு 4ஏவைக் கொண்டுவந்தேன். இருபது வினாடிகள்தான், ஆனால் முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்று என்னைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு டிராக்கையும் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் தனித்தனியே கேட்டு, இரண்டு கீகளையும் குறித்து வைக்கிறேன்.

இரண்டாவது, மைனரும் அல்லாத மேஜரும் அல்லாத ஸ்கேல்கள். சக்கரத்தில் இவற்றுக்கு வீடே இல்லை. டிரான்ஸின் கிளைகளான கோவா டிரான்ஸிலும் சைடிரான்ஸிலும் சுத்த ரிஷபம் நிறைய வரும்; தோடியின் ஸ்வரங்கள், வகுளாபரணத்தின் ஸ்வரங்கள் என்று நம் காதுக்குப் பழகியவை. மூன்று கட்டையில் தோடியின் ஸ்வரங்களில் அமைந்த டிராக்கை மென்பொருள் 9ஏ என்று எழுதிவிட்டால், அதில் இருப்பது எஃப். உண்மையான 9ஏவில் இருப்பது எஃப் ஷார்ப். இரண்டும் சேர்ந்து ஒலித்தால் பல் கூசும்.

சரிபார்க்க எளிய வழி: பிரேக்டவுனைப் போட்டுவிட்டு, எந்த ஸ்வரத்தில் மெட்டு இளைப்பாறுகிறதோ அதை வாயால் பிடித்து முணுமுணுங்கள். பிறகு ஒரு கீபோர்டிலோ கைப்பேசிச் செயலியிலோ அதைத் தேடுங்கள். அடுத்து அந்த ஸ்வரத்திலிருந்து மூன்று அரைக்கட்டை மேலே உள்ளது டிராக்கோடு சேர்கிறதா, நான்கு அரைக்கட்டை மேலே உள்ளது சேர்கிறதா என்று பாருங்கள். முன்னது மைனர், பின்னது மேஜர். பழகிவிட்டால் அரை நிமிட வேலை.

வேகத்தைக் கூட்டினால் சுருதி மாறுமா?

வேகம் மாறினாலும் சுருதியை நிறுத்திவைக்கும் கீ லாக் வசதி இல்லாவிட்டால் மாறும். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இந்தப் பதிலைப் படியுங்கள். வேகமும் சுருதியும் வேறு வேறு பாடங்கள் என்று நினைத்துத்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

வைனில் இசைத்தட்டில் இரண்டும் ஒன்றே. தட்டு வேகமாகச் சுழன்றால் தாளம் விரைகிறது. அதே அளவுக்கு ஒவ்வொரு ஸ்வரமும் ஏறுகிறது. 1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 என்ற சுழல்தட்டுக் கருவி, டிஜேக்களின் கையில் நீளமான பிட்ச் ஃபேடர் ஒன்றைக் கொடுத்தது: கூட்ட 8 சதவீதம், குறைக்க 8 சதவீதம். அந்த ஒரே ஃபேடர்தான் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து இழுத்தது.

கணக்கு இதுதான். வேகத்தைச் சுமார் 5.95 சதவீதம் கூட்டினால் சுருதி சரியாக அரைக்கட்டை உயரும். அரைக்கட்டையை நூறு சென்ட் என்று பிரித்துக்கொண்டால், ஒரு சதவீத மாற்றம் ஏறத்தாழ 17 சென்ட்.

138இல் (நிமிடத்துக்கு 138 பீட்; பிபிஎம் என்பது இந்த அளவுதான்) அமைந்த ஒரு டிராக்கை 140க்குக் கொண்டுபோகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.45 சதவீதம், சுருதி 25 சென்ட் ஏறிவிட்டது. எதிரே இயல்பாகவே 140இல் அதே கீயில் அமைந்த டிராக் ஓடுகிறது. ஒன்றில் ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ், மற்றதில் 446.4 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்து வினாடிக்கு ஆறு முறைக்கு மேல் நடுங்கும். சுருதி சேர்க்காத தம்புராவின் தந்திகள் ஒன்றையொன்று இழுப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? அதே நடுக்கம்தான். திரையில் இரண்டும் 8ஏ என்றுதான் எழுதியிருக்கும்.

இப்போது 134இல் அமைந்த டிராக்கை 138க்கு ஏற்றுங்கள். 3 சதவீதத்துக்கு ஒரு மயிரிழை குறைவு, 51 சென்ட். பழைய கீயும் இல்லை, அரைக்கட்டை மேலே உள்ள கீயும் இல்லை. சரியாக நடுவில் தொங்குகிறது. எதோடும் சேராது. மிக மோசமான இடம் இது. ஆனால் 132இல் அமைந்ததை 140க்கு ஏற்றினால் 6.06 சதவீதம், அரைக்கட்டையும் இரண்டு சென்டும். 8ஏ கிட்டத்தட்ட முழுமையான 3ஏ ஆகிவிட்டது. 140இல் பிறந்த 3ஏ, 2ஏ, 4ஏ டிராக்குகளோடு அழகாகச் சேரும். அதிகம் இழுத்தது பொருந்துகிறது, குறைவாக இழுத்தது பொருந்தவில்லை. இசைத்தட்டுக் காலத்து டிஜேக்களில் கவனமானவர்கள் தட்டின் உறையில் கீயையும் வேகத்தையும் எழுதிவைத்து இந்தக் கணக்கை மனத்திலேயே போட்டார்கள்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள்: முக்கியமானது இரண்டு டிராக்குகளுக்கு இடையிலுள்ள வேறுபாடு மட்டுமே. இரண்டும் 136இல் அமைந்தவை, இரண்டையும் 139இல் ஓட்டுகிறீர்கள் என்றால், இரண்டும் ஒரே அளவு ஏறியிருக்கும். அவற்றுக்குள் உறவு கெடவில்லை.

அப்படியானால் கீ லாக்கை எப்போதும் போட்டே வைத்துவிடலாமா?

சிறிய மாற்றங்களுக்குப் போடுங்கள். மூன்று, நான்கு சதவீதம் வரை இன்றைய கருவிகள் நன்றாகவே சமாளிக்கின்றன. அதற்கு மேல் போனால் விலை கொடுக்க வேண்டும். வேகத்தை மாற்றிக்கொண்டே சுருதியை நிறுத்திவைக்க, கருவி ஒலியைச் சிறு துண்டுகளாக வெட்டி மீண்டும் ஒட்டுகிறது. கிக்கின் கூர்மை மழுங்குவது அங்கேதான் தெரியும். டிரான்ஸின் அடையாளமான சூப்பர்சா ஒலியும் அடிபடும். ரோலண்ட் ஜேபி-8000 சின்தசைசர் அறிமுகப்படுத்திய அந்த ஒலி, சற்றே சுருதி விலக்கிய ஏழு ரம்ப அலைகள் ஒன்றோடொன்று உரசுவதால் வரும் அகலம். வெட்டி ஒட்டும்போது அந்த உரசல் சிதைந்து தண்ணீருக்குள் கேட்பதுபோல் ஆகிவிடுகிறது.

நான் செய்வது: 2 சதவீதம் வரை யோசிக்காமல் கீ லாக். 5.5 முதல் 6.5 சதவீதம் வரை இழுக்க வேண்டியிருந்தால் லாக்கை எடுத்துவிட்டு, அரைக்கட்டை ஏறிய புதிய கீயோடு பொருந்தும் டிராக்கைத் தேடுகிறேன். மிச்சம் விலகும் பத்து சென்டுக்கும் குறைவான பிசிறை மெட்டு மோதாத இடத்தில் கடந்துவிடலாம். நடுவில் உள்ளவற்றுக்குக் காதைக் கேட்டு முடிவெடுக்கிறேன்.

கீயை மாற்றும் பட்டன் புதிய கருவிகளில் இருக்கிறதே?

இருக்கிறது. ஒரு அரைக்கட்டை மேலோ கீழோ நகர்த்தலாம். அதற்கு மேல் குரல் உள்ள டிராக்குகளில் பாடுபவர் வேறு ஆளாகிவிடுவார். பொருந்தும் டிராக்கைத் தேடுவதற்குப் பதிலாக இதைப் பயன்படுத்தத் தொடங்கினால் உங்கள் சேகரிப்பை நீங்களே அறியாமல் போவீர்கள். அதுதான் என் வருத்தம்.

டிரான்ஸின் வேகம் என்ன?

புரோகிரசிவ் டிரான்ஸ் 128 முதல் 134 வரை. உணர்ச்சி பொங்கும் அப்லிஃப்டிங் வகை 136 முதல் 140 வரை. 138 அதன் இதயத் துடிப்பு. சைடிரான்ஸ் பெரும்பாலும் 140இலிருந்து 148 வரை. மென்பொருள் 69 என்று காட்டினால் பதறாதீர்கள், பாதியாக எண்ணிவிட்டது, இரட்டிப்பாக்குங்கள். 137.98 என்று காட்டினால் உண்மையில் 138ஆகத்தான் இருக்கும். கணினியில் தாளம் அமைப்பவர்கள் பெரும்பாலும் முழு எண்ணைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

வேகத்தைத் தானாகச் சேர்க்கும் சிங்க் பட்டன் இருக்கும்போது காதால் வேகம் சேர்க்கக் கற்க வேண்டுமா?

கற்க வேண்டும். சிங்க் பட்டனைப் பயன்படுத்துவதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் சிங்க் நம்புவது டிராக்கின் மேல் மென்பொருள் வரைந்த பீட் கோடுகளை. கோடு தவறாக விழுந்திருந்தால் கருவி அந்தத் தவற்றையே துல்லியமாகப் பின்பற்றும். அப்போது மீட்பது உங்கள் காது ஒன்றுதான். பழைய வைனிலிலிருந்து பதிவுசெய்த கோப்புகளில் இது அடிக்கடி நேர்கிறது. தட்டின் சுழற்சி நூலிழை ஏறி இறங்கியிருக்கும். முதல் நிமிடத்தில் பொருந்திய கோடு ஐந்தாம் நிமிடத்தில் விலகி நிற்கும். அத்தகைய கோப்புக்குப் பல இடங்களில் கோட்டைக் கையால் பிடித்து நிறுத்த வேண்டும்.

இந்தக் கலையின் வயதையும் நினைத்துப் பாருங்கள். 1960களின் இறுதியில் நியூயார்க்கின் சாங்க்சுவரி கிளப்பில் பிரான்சிஸ் கிராசோ இரண்டு தட்டுகளின் தாளத்தைச் சேர்த்து ஓட்டினார். திரை இல்லை, எண் இல்லை. தட்டுகளில் இருந்தது மனிதர்கள் வாசித்த டிரம். நம்முடையதோ கணினி அமைத்த, நடுங்காத தாளம். அவர் செய்ததில் பாதிக் கடினம்கூட நமக்கு இல்லை.

சரி, காதால் எப்படிச் சேர்ப்பது?

ஓடிக்கொண்டிருக்கும் டிராக்கை ஹெட்போனின் ஒரு காதில் விட்டு, புதியதை மறு காதில் வையுங்கள். புதியதை முதல் கிக்கில் நிறுத்திவைத்து, ஓடுவதன் முதல் பீட்டில் விடுங்கள். கிக்கைக் கேட்காதீர்கள், அது அகலமான ஒலி, விலகலை மறைத்துவிடும். கைதட்டல் ஒலியையோ ஹைஹேட்டையோ (டிரம் தொகுப்பின் சிறு சிம்பல் ஒலி) கேளுங்கள். அவை ஊசிபோல் கூர்மையானவை.

பத்து வினாடியில் இரண்டும் பிரிந்து ஓசை இரட்டிக்கும். எது முந்துகிறது? தொடக்கத்தில் யாருக்குமே இது தெரியாது. ஆகவே தெரிந்ததுபோல் நடிக்காமல் சோதியுங்கள்: புதியது ஓடும் கருவியின் சுழல்தட்டை மெல்ல முன்னே தள்ளுங்கள். ஓசை ஒன்றுசேர்ந்தால் அது பின்தங்கியிருந்தது. ஃபேடரால் வேகத்தைக் கூட்டுங்கள். இரட்டிப்பு மோசமானால் அது முந்தியிருந்தது, குறையுங்கள்.

கூட்டும்போது தயங்கித் தயங்கி நகர்த்தாதீர்கள். சரியான இடத்தைத் தாண்டும்படி துணிந்து நகர்த்துங்கள். இப்போது இரண்டு எல்லைகள் தெரியும், நடுவில் வையுங்கள். மீண்டும் கேளுங்கள், மீண்டும் பாதியாக்குங்கள். நான்கைந்து முறையில் இடம் பிடிபட்டுவிடும். தினம் இருபது நிமிடம், திரையை ஒரு துணியால் மூடிவைத்துப் பழகினால், இரண்டு மாதத்தில் கை தானாகச் செல்லும்.

மேடையில் ஒரு எச்சரிக்கை. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. அரங்கின் பெரிய ஒலிபெருக்கி பத்து மீட்டர் தள்ளி இருந்தால் அதன் ஒலி 29 மில்லி வினாடி தாமதமாக உங்களை அடையும். ஹெட்போனை அதோடு ஒப்பிட்டால் தவறாகச் சேர்ப்பீர்கள். உங்கள் அருகே உள்ள மானிட்டர் ஒலிபெருக்கியை மட்டும் கேளுங்கள்; அது சரியில்லையென்றால் இரண்டு டிராக்குகளையும் ஹெட்போனிலேயே கேட்டுச் சேருங்கள்.

எவ்வளவு துல்லியம் தேவை?

138இல் ஒரு பீட் 435 மில்லி வினாடி. வேறுபாடு 0.05 பிபிஎம் மட்டும் என்றால், 32 பார் (ஒரு பார் நான்கு பீட்), அதாவது 56 வினாடி, சேர்ந்து ஓடிய பிறகு விலகல் 20 மில்லி வினாடி. மெல்லியதாகத் தெரியத் தொடங்கும். 0.1 என்றால் 40; கிக் குதிரைக் குளம்புபோல் இரட்டிக்கும். 0.5 என்றால் கிட்டத்தட்ட அரை பீட் போய்விட்டது. ஆகவே 0.05க்குள் வையுங்கள், மிச்சத்தை விரலால் அவ்வப்போது தட்டிக்கொடுங்கள். மிக்ஸ் ஓடும்போது கையை எடுத்துவிட்டு நிற்பவர்களைக் கண்டால் எனக்குப் பதைக்கும்.

வேகமும் சரி, கீயும் சரி. ஆனாலும் மிக்ஸ் கேட்க நன்றாக இல்லையே?

என்னிடம் வரும் பதிவுகளில் பத்துக்கு எட்டில் குறை இங்கேதான். இரண்டு மெட்டுகள் எந்த இடத்தில் சந்திக்கின்றன என்று பார்க்கவில்லை. சக்கரத்தை மனப்பாடம் செய்வதற்கு முன் கற்க வேண்டியது இது. ஆனால் எல்லோரும் தலைகீழாகக் கற்கிறார்கள்.

டிரான்ஸ் கட்டுக்கோப்பான இசை. நான்கு பீட் ஒரு பார். எட்டு பார் ஒரு வாக்கியம். 138இல் அது 13.9 வினாடி. புதிய ஓசை நுழைவதும், பழையது விலகுவதும், பிரேக்டவுன் தொடங்குவதும் பெரும்பாலும் 8, 16, 32 பார் எல்லைகளில்தான். நீங்கள் புதிய டிராக்கை ஐந்தாவது பாரில் விட்டால் பீட் பொருந்தும், ஆனால் இரண்டு பேர் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடுவதுபோல் இருக்கும். பல்லவியின் எடுப்பு தவறினால் தாளம் சரியாகப் போட்டும் பயனில்லை அல்லவா, அதுபோல.

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். வெளியேறும் டிராக்கில் உச்சம் முடிந்து, தாளமும் பேஸும் மட்டும் ஓடும் பகுதி 32 பார். உள்ளே வரும் டிராக்கில் மெட்டு தொடங்குவதற்கு முன் 48 பார். ஆகவே புதியதை உச்சம் முடிவதற்கு 16 பார் முன்பே, மெல்லிய ஒலியில், பேஸை முழுவதும் குறைத்துத் தொடங்குங்கள். அந்த 16 பாரில் பழைய மெட்டின் அடியில் புதியதின் ஹைஹேட் மட்டும் சேர்ந்துகொள்கிறது. உச்சம் முடிகிறது. அடுத்த 32 பாரில் பொறுப்பைக் கைமாற்றுகிறீர்கள். பழையது ஓய்ந்த அதே பாரில் புதிய மெட்டு தலைகாட்டுகிறது. கேட்பவருக்கு இரண்டும் ஒரே டிராக்கின் இரண்டு பகுதிகளாகத் தோன்றும்.

இதைச் சரியாகச் செய்தால் கீ பொருந்தாத டிராக்குகளைக்கூடச் சேர்க்க முடியும், ஏனென்றால் மெட்டுகள் சந்திப்பதே இல்லை. இதில் தவறினால், எண் ஒன்றே என்றாலும் இரண்டு முழு மெட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து எதுவும் காதில் ஏறாது. கார்டுகளின் வரிசை வேறாக இருந்தால் இன்னும் மோசம்: இரண்டும் ஏ மைனர்தான், ஆனால் ஒன்று எஃப் கார்டில் நிற்கும்போது மற்றது ஜி கார்டில் நிற்கும். சக்கரம் இதைச் சொல்லாது.

முழு நீளப் பதிப்புகளையே வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான். மூன்றரை நிமிட வானொலிப் பதிப்பில் கைமாற்ற இடமே இருக்காது.

இரண்டு பேஸையும் சேர்த்து ஓடவிடலாமா?

கூடாது. ஒரே கீயாக இருந்தாலும் கூடாது. தாழ்ந்த ஏ ஸ்வரம் 55 ஹெர்ட்ஸ். அதே அலைவரிசையில் இரண்டு கிக், இரண்டு பேஸ் சேர்ந்தால் சில கணம் வீங்கும், சில கணம் ஒன்றையொன்று அழித்துக் காணாமல் போகும். அரைக்கட்டை விலகினால் 55க்கும் 58.3க்கும் இடையே வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் அரங்கம் அதிரும், வயிற்றில் தெரியும். ஒரு வாக்கியத்தின் முதல் பீட்டில், ஒரு கை பழையதின் பேஸைக் குறைக்க, மறு கை புதியதைத் திறக்கட்டும்.

130இல் தொடங்கி 140இல் முடிக்க வேண்டும். வேகத்தை எங்கே ஏற்றுவது?

தாளம் மட்டும் ஓடும் பகுதியில், கீ லாக் போட்டுக்கொண்டு, ஒரு வாக்கியத்துக்கு 0.2 அல்லது 0.3 வீதம். பிரேக்டவுனில் ஏற்றலாம் என்று சிலர் சொல்கிறார்கள். கிக் இல்லாததால் தெரியாது என்பது வாதம். நீண்டு ஒலிக்கும் கார்டில் சுருதி வழுக்குவதோ கீ லாக் உரசுவதோ அங்கேதான் அதிகம் தெரியும் என்பது என் அனுபவம். ஒவ்வொரு டிராக்கிலும் ஒரு பிபிஎம் ஏற்றினால் பத்து டிராக்கில் 140. ஒன்றரை மணி நேரம் தாராளமாகப் போதும். யாருக்கும் ஏறியது தெரியாது, எல்லோருக்கும் வேர்த்திருக்கும்.

கோவாவில் தொடக்க காலத்தில் வேகம் சேர்க்காமலே வாசித்தார்கள் என்கிறார்களே, உண்மையா?

பெருமளவு உண்மை. கோவாவின் கடற்கரை விருந்துகளில் வெயிலும் வெப்பமும் வைனில் தட்டுகளை வளைத்துவிடும் என்பதால், அங்கிருந்த டிஜேக்கள் ஒலிநாடாக்களையும், பின்னர் டாட் எனப்படும் டிஜிட்டல் நாடாக்களையும் பயன்படுத்தினார்கள். அவர்களில் ஒருவரான கோவா கில் டாட் நாடாக்களுக்குப் பெயர்பெற்றவர். அந்தக் கருவிகளில் வேகத்தை மாற்றும் வசதி பொதுவாக இல்லை. ஆகவே ஒரு டிராக்கின் தாளமற்ற முடிவிலிருந்து அடுத்ததின் தாளமற்ற தொடக்கத்துக்கு நழுவினார்கள். கோவா டிராக்குகளின் தொடக்கத்திலும் முடிவிலும் நீண்ட ஓசைப் படலம் இருப்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

இன்றும் இது கைவிடக்கூடாத வழி. 136இலிருந்து 145க்கு ஒரேயடியாகப் போக வேண்டுமென்றால் வேகத்தை இழுத்துச் சிதைக்காதீர்கள். பழையது தேய்ந்து ஒரே கார்டாக நிற்கட்டும்; அந்தக் கார்டின் ஷட்ஜமே புதியதின் ஷட்ஜமாக இருக்கட்டும். தாளம் இல்லாத அந்த இடைவெளியில் சுருதி ஒன்றுதான் பாலம். எனவே இங்கே கீ அச்சுப் பிசகாமல் பொருந்த வேண்டும்.

ஒரு மணி நேரமும் ஒரே எண்ணில் ஓட்டினால் தவறா?

தவறில்லை, ஆனால் காது தூங்கிவிடும். மூன்று டிராக்குகளுக்கு மேல் ஒரே கீயில் நிற்காதீர்கள். சக்கரத்தை வரிசையாக 1, 2, 3 என்று சுற்றுவதும் அப்படியே அலுக்கும். சக்கரத்தின்படி எனக்கு அடுத்து ஓட்ட வேண்டியது 6ஏ என்றாலும், 9பியில் இருக்கும் டிராக்தான் அந்த நேரத்துக்கு உரியது என்று மனம் சொன்னால், 9பியைத்தான் ஓட்டுவேன். அதை எந்தப் பாரில் உள்ளே விடுவது என்று மட்டும் யோசிப்பேன்.

எதிலிருந்து பயிற்சியைத் தொடங்குவது?

உங்களுக்கு மனப்பாடமான இருபது டிராக்குகள் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளில் நான்கு விஷயங்கள் எழுதுங்கள்: இயல்பான வேகம், நுழையும் இடத்தின் கீ, வெளியேறும் இடத்தின் கீ, முதல் மெட்டு வரைக்கும் எத்தனை பார். பிறகு அந்த இருபதுக்குள்ளேயே எத்தனை ஜோடி சேரும் என்று தேடுங்கள். முதல் வாரம் ஒரே ஜோடியை மட்டும் எடுத்துக்கொண்டு, நுழையும் இடத்தை எட்டு எட்டு பாராக நகர்த்தி நகர்த்திப் பதிவுசெய்து, மறுநாள் காலையில் கேளுங்கள்.